ஹேண்டல் திரும்பினால் வேகம் கூடலாமா?

மேடுபள்ளமான செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் இளைஞர் சிலர் ஸ்டீரிங் டேம்பர் பொருத்துகின்றனர். சக்கரம் கல்லில் மோதும்போது, அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளை வழியே மெல்ல நகர்ந்து, ஹேண்டல் சட்டென்று வெட்டித் திரும்பாமல் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால், அதைப் பொருத்துவதற்காக ஹேண்டலை உயர்த்தினால், பழைய கேபிள்கள் நீளம் போதாமல் இறுகிவிடலாம்.

கேபிள்கள் டேம்பரில் சிக்காமலும் நசுங்காமலும், மடங்காமல் அகன்ற வளைவாகவும் செல்ல வேண்டும். பிறகு திறந்த வெளியில், வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்ப்போம். இயந்திரத்தின் இரைச்சல் கூடினால், திராட்டல் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அப்படியே புறப்பட்டால், வளைவில் நாம் முறுக்காமலே வேகம் கூடும். சரிசெய்த பின்னரே வண்டியில் ஏறுவோம்.