உயர்விலை மோட்டார் வண்டி: கிரயமோ, குத்தகையோ?

ஊர்தி ஏறிச் செல்லுதலைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதுதல் மக்களிடையே நெடுநாளைய வழக்கம். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நஞ்சையும் புஞ்சையும் மனைகளாக மாறிவரும் இந்நாளில், நிலம் விற்ற குடும்பங்கள் சிலவற்றில் கைக்கு வந்த தொகையின் பெரும்பகுதி உயர்விலை மோட்டார் வண்டியாக உருமாறுதலை யாம் காண்கிறோம். கிரயம் கொடுத்து வாங்குதலேயன்றி, 'லீஸ்' என வழங்கும் குத்தகை முறையில் மாதந்தோறும் தொகை செலுத்தி வண்டியைப் பெறும் வழியும் இப்பொழுது உண்டு. இவ்விரண்டனுள் எது நன்று என்னும் வினாவிற்கு விடை காண முயல்வோம். வீட்டுக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு நம் மாணவர்க்கு விரைவில் வரக்கூடியதாதலின், இவ்வாராய்ச்சி அவர்க்குப் பயன்படும்.

குத்தகை என்னும் சொல் நம் உழவர்க்குப் புதியதன்று. நிலக் குத்தகையில், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய குத்தகையைக் கொடுக்கவேண்டியவன் பயிரிடுவோன். ஆண்டு முடிவில் நிலம் நிலமாகவே நிற்கும். வண்டியின் இயல்பு வேறு. அது விளைவு தருவதன்று. வாங்கிய நாள் முதலே விலை தேய்வது. ஆகவே, தேயும் விலையின் இழப்பை யார் தாங்குவது என்பதே இங்கு முதன்மையான கேள்வி. கிரயம் பெற்றவன் அதனைத் தானே தாங்குகிறான். குத்தகையில் வண்டிக்குரிய நிறுவனம் தாங்குகிறது. ஆனால் அவ்விழப்பை முன்னரே மதிப்பிட்டு, தன் இலாபத்தையும் கூட்டி, மாதத் தொகையில் அடக்கிவிடுகிறது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எண்கள் யாம் கற்பித்துக்கொண்டவை. வாசகர் தமக்குக் கிடைக்கும் எண்களை அவ்விடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வரிகளும் பதிவுச் செலவும் உட்பட வண்டியின் விலை ரூ. 60 இலட்சம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அது ரூ. 30 இலட்சத்திற்கு விலைபோகும் என்று கொண்டால், தேய்மானம் ரூ. 30 இலட்சம். அறுபது இலட்சத்தை வங்கியில் இட்டிருந்தால் நூற்றுக்கு 7 வீதம் தனிவட்டியாக நான்கு ஆண்டுகளில் ரூ. 16,80,000 வந்திருக்கும், அதுவும் இழப்பேயாம். காப்புறுதிக்கும் பழுதுபார்ப்பிற்கும் ஆண்டொன்றுக்கு ரூ. 1,50,000 வீதம் ரூ. 6 இலட்சம். ஆகக் கூடுதல் ரூ. 52,80,000. வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு யாவும் அடங்க மாதம் ரூ. 1,10,000 குத்தகை எனின், நாற்பத்தெட்டு மாதங்களுக்கும் அதே ரூ. 52,80,000 ஆகிறது.

தொகை ஒன்றாயினும் நிலை ஒன்றன்று. வண்டி எதிர்பார்த்ததினும் ஆறு இலட்சம் குறைவாக விலைபோனால், அந்நட்டம் வாங்கியவனுடையது. கூடுதலாகப் போனால் ஆதாயமும் அவனுடையதே. அதே வண்டியை எட்டு ஆண்டுகள் வைத்திருந்து ரூ. 15 இலட்சத்திற்கு விற்பதாகவும், பின் நான்கு ஆண்டுகளில் பராமரிப்பு ஆண்டுக்கு ரூ. 2,50,000 ஆவதாகவும் கொள்வோம். மொத்தச் செலவு ரூ. 94,60,000. அடுத்தடுத்து இரண்டு குத்தகைகள் எடுத்தாலோ ரூ. 1,05,60,000. எனவே, நெடுங்காலம் ஒரே வண்டியை வைத்திருப்போர்க்குக் கிரயமும், மூன்று நான்கு ஆண்டுகளுக்கொரு முறை மாற்றுவோர்க்குக் குத்தகையும் பொருந்தும் என்பது பெறப்படுகிறது.

வருமான வரியும் நோக்கத்தக்கது. தொழில் நடத்துவோர், தொழிலுக்குப் பயன்படும் வண்டியின் குத்தகைத் தொகையைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். வேளாண்மை வருமானத்திற்கோ மைய அரசின் வருமான வரி இல்லை. குறைப்பதற்கு வரியே இல்லாதபோது அச்சலுகையால் உழவர்க்குப் பயன் என்னை? 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 40 ஆகும். குத்தகைத் தொகையின்மீதும் அவ்வரி உண்டாதலின், வரியைச் சேர்த்தே மாதத் தொகையைக் கேட்டறிதல் வேண்டும்.

பதிவைப் பற்றியும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டில், கேரளத்தில் ஓடிய உயர்விலை வண்டிகள் பல புதுச்சேரி முகவரிகளின்பேரில் பதிவாகியிருந்தமை வெளிப்பட்டு, வழக்குகள் எழுந்தன. இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிக்கு அப்பொழுது கேரளத்தில் விலையில் நூற்றுக்கு 20 வரி. புதுச்சேரியிலோ அதனினும் மிகக் குறைவு. உண்மையாகவே இங்கு வாழ்வோர் இக்குறைந்த வரியைப் பெறுதல் முறையே. பிறர்க்காகத் தம் வீட்டு முகவரியை இரவல் கொடுத்தல் முறையன்று. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவெண் பெறவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. குத்தகை உடன்படிக்கைப்படி வண்டியைத் தன் வசம் வைத்திருப்பவனையும் அச்சட்டம் 'உடையவன்' என்றே கொள்ளுதலால், குத்தகை வண்டி என்று பொறுப்பினின்று நழுவுதல் இயலாது.

கையெழுத்திடுமுன் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டறிக. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? மிகுந்தால் தண்டம் எவ்வளவு? கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எதிர்வரும் குறுகிய சாலைகளில் விழும் கீறலுக்குத் திருப்பித் தரும்போது யார் பொறுப்பு? இடையில் குத்தகையை முறித்தால் இழப்பு யாது?

இத்தனையும் கேட்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களைத் தானமளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஆண்டுதோறும் வருவாய் தரும் நிலமே ஒரு கல்விச்சாலையைத் தாங்கவல்லது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். அத்தகைய நிலத்தை விற்ற பணம் வேறு. ஆண்டு வருவாயில் மிஞ்சிய பணம் வேறு. மிச்சத்திலிருந்து மாதத் தொகை கட்ட இயலுவோர் மேற்சொன்ன கணக்கின்படி கிரயமோ குத்தகையோ தெரிந்துகொள்க. நில முதலையே தொடவேண்டியவர், திருமணம் முதலிய நாள்களுக்கு வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு, முதலை வட்டி தருமிடத்திலோ மற்றொரு நிலத்திலோ வைப்பதே தக்கது என்பது எம் கருத்து.