குச்சி இல்லாத ஆண்டெனா!

ஆண்டெனா என்றதும் ரேடியோவில் இழுத்து நீட்டும் குச்சியும், வீட்டு மாடியில் இருந்த டி.வி. ஆண்டெனாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் லேப்டாப்பில் செருகும் யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். ரிசீவரில் குச்சி எதுவும் இருக்காது. உள்ளே ஒரு சிறிய சதுர வில்லைதான் இருக்கும். இதுதான் பேட்ச் ஆண்டெனா. இதன் முழுப் பெயர் மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச் ஆண்டெனா. 1953-ல் டெஷாம்ப்ஸ் என்பவர் சொன்ன கருத்து இது. 1970-களில்தான் நடைமுறைக்கு வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

இதில் மூன்று அடுக்குகள் உள்ளன. மேலே மெல்லிய உலோகத் தகடு. நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள். கீழே சற்றுப் பெரிய உலோகத் தளம். மேல் தகட்டின் நீளம் ஏறத்தாழ அரை அலைநீளம் இருந்தால், அந்த அலைவரிசைக்கு அது ஒத்ததிர்கிறது. அப்போது எதிரெதிரான இரண்டு ஓரங்களில் மின்புலம் வெளியே வழிகிறது. அலைகள் இந்த ஓரங்களிலிருந்தே கிளம்புகின்றன. வரும் அலைகளும் இங்கேதான் பிடிபடுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு

300-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். ஜி.பி.எஸ்.ஸின் முக்கிய அலைவரிசை 1575.42 மெகா ஹெர்ட்ஸ். எனவே அலைநீளம் சுமார் 19 செ.மீ.; அதில் பாதி 9.5 செ.மீ. இவ்வளவு பெரிய தகட்டைச் சின்ன ரிசீவரில் எப்படி வைப்பது? இங்குதான் செராமிக் கை கொடுக்கிறது. மின்கடத்தா மாறிலி சுமார் 20 உள்ள செராமிக்கினுள் அலைநீளம் ஏறத்தாழ நாலரை மடங்கு சுருங்கிவிடும். அதனால்தான் 25 மி.மீ. சதுர வில்லையே போதுமானதாகிறது.

நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் 1176.45 மெகா ஹெர்ட்ஸ் இதைவிடக் குறைந்த அலைவரிசை. எனவே அதே செராமிக்கில் செய்தால் தகடு இன்னும் பெரியதாக இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் வைப்பது?

கீழே உள்ள உலோகத் தளம் பின்பக்கத்தை மறைப்பதால், இந்த ஆண்டெனா முன்பக்கம்தான் நன்றாகப் பார்க்கும். குண்டு பல்பு எல்லாப் பக்கமும் ஒளி தரும். டார்ச் லைட் ஒரு பக்கம்தானே தரும்? அதுபோலத்தான்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருப்பதால், நம்மை வந்தடையும் சிக்னல் மிகவும் பலவீனமானது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

* வில்லை உள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ரிசீவரையோ, வண்டியில் பொருத்தும் டிராக்கரையோ தலைகீழாக வைத்தால் சிக்னல் தடுமாறும்.

* உலோகத்துக்கு அடியில் வைக்காதீர்கள், மேலே வைக்கலாம். காந்தம் உள்ள ரிசீவரைக் கார் கூரை மேல் ஒட்டினால், கூரையே கீழ்த் தளத்துக்குத் துணை செய்யும்.

* உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி சிக்னலைத் தடுக்கும்.

வை-ஃபையிலும் உண்டு

இரண்டு கட்டடங்களை வை-ஃபை மூலம் இணைக்கும் தட்டையான பேனல் ஆண்டெனாக்கள் பலவற்றில், பல பேட்ச்கள் வரிசையாக இருக்கும். எண்ணிக்கை கூடக்கூட ஒரே திசையில் வீச்சு கூடும். ஆனால் பரப்பு குறுகும். எனவே இரண்டு பேனல்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்.

சாதாரண பேட்ச், தன் அலைவரிசைக்கு அருகே உள்ள குறுகிய எல்லைக்குள்தான் நன்கு இயங்கும். 2.4 கிகா ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பேனல் 5 கிகா ஹெர்ட்ஸ் ரூட்டருக்கு உதவாது. வாங்கும்முன் அட்டைப் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். சிக்னல் வரவில்லை என்றால், சாதனத்தைக் குறை சொல்லும்முன் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். திருப்பி வைத்தாலே சரியாகிவிடலாம்!