எகிப்தியர் மனைவாழ்வில் ஓவிய மட்கலங்கள்

பண்டை எகிப்தினை எண்ணுவோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன பிரமிடுகளும் மன்னர்தம் பதப்படுத்திய உடலங்களுமேயாம். ஆயின், அந்நாட்டு மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள் மட்கலமே. கூலமும் எண்ணெயும் நீரும் வாற்கோதுமை மதுவும் அதன்கண் வைக்கப்பெற்றன. அக்கலங்களுட் பெரும்பாலன அணியற்றவை. ஓவியந் தீட்டியவை சில காலங்களில் மட்டுமே மிக்குக் காணப்படுகின்றன. அக்காலங்களுள் இரண்டனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, மன்னராட்சி நிலைபெறுதற்கு முற்பட்ட நக்காடாக் காலம். ஏறத்தாழக் கி.மு. 3500 முதல், சுண்ணச்சத்து மிக்க களிமண்ணால் வனைந்த வெளிறிய கலங்கள்மீது, பல துடுப்புடைய படகுகளும் நீள்கழுத்துப் பறவைகளும் கையுயர்த்தி நிற்கும் பெண்டிரும் செங்காவியால் தீட்டப்பெற்றனர். 1894-95இல் நக்காடாவை அகழ்ந்த பிளிண்டர்ஸ் பெட்ரி, அங்குக் கண்ட கல்லறைகளையும் கலங்களையும் புறத்தேயிருந்து புகுந்த புதிய இனத்தாருடையன என்று முதலிற் கருதினார். அவை எகிப்தியர்தம் முன்னோருடையனவே என்பது ஜாக் தெ மோர்கனின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று; பெட்ரியும் பின்னர் அதனை ஏற்றார். அக்காலப் பகுப்புக்கு அவருக்குத் துணைநின்றவையும் மட்கலங்களே. ஒருவகைச் சாடியின் அலைவடிவக் கைப்பிடி முதலில் தூக்குதற்குப் பயன்பட்டது. பின்னர்ப் படிப்படியே சுருங்கி, ஈற்றில் வெறுங்கோடாய் எஞ்சியது. பயன் தேய்ந்து அணியாகிய இம்மாற்றத்தை ஓர் அளவுகோலாகக் கொண்டு, கல்லறைகளை முன்பின்னாக நிரல்படுத்தும் முறையை அவர் 1899இல் வெளியிட்டார்.

இக்கலங்கள் பெரும்பாலும் கல்லறைகளிற் கிடைத்தமையின், இவை மனைவாழ்வைக் காட்டுமோ என்னும் ஐயம் எழும். இரண்டாம் வகைக்கு அவ்வையம் இல்லை. பதினெட்டாம் மன்னர் மரபின் காலத்தே தோன்றிய நீலவண்ணக் கலங்கள் மல்கட்டா அரண்மனையில் மட்டுமன்றி, அமர்னா நகரத்து இல்லங்களிலும் கிடைத்துள்ளன. இந்நீலம் கோபால்ட்டுச் சேர்ந்தது. மேற்குப் பாலையிலுள்ள கார்கா, தாக்லா என்னும் சோலைகளின் படிகாரத்தினின்றும் பெறப்பட்டது.

விருந்திலும் விழாவிலும் மதுச்சாடிகட்கு மலர்மாலை சூட்டுதல் எகிப்தியர் வழக்கம். இம்மாலையையே குயவர் கலத்தின் கழுத்திலும் தோளிலும் வரிவரியாகத் தீட்டினர். நீல ஆம்பலின் இதழ்கள் அவற்றுள் மிகுதி. சூட்டிய மாலை மாலைப்பொழுதில் வாடும். தீட்டிய மாலை விழா முடிந்த பின்னும் மனையில் நிலைத்தது.

ஆகவே, கலத்தின் ஓவியத்தை மட்டும் நோக்கி முடிவு கூறுதல் பொருந்தாது. அது கிடைத்த இடத்தையும் உடன்கிடைத்த பொருள்களையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கின், உடைந்த ஓட்டுத்துண்டும் எழுத்தறியாத மக்களின் வாழ்வுக்குச் சான்றாம்.