காது சொன்னது மெய்யா, கண் கண்டது மெய்யா?

எங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அலையியற்றியை யு.எஸ்.பி. ஆசிலாஸ்கோப் வழியாகக் கணிப்பொறியோடு இணைத்து அளந்துகொண்டிருந்தாள். திரையின் அகலம் ஒரு விநாடி. அதில் பத்து அலைகள், அச்சில் வார்த்தாற்போல் அழகாக நின்றன. "அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ்" என்று நோட்டில் எழுதிவிட்டாள். ஆனால் அதே அலையியற்றியில் மாட்டியிருந்த சிறிய ஒலிபெருக்கியோ காதைத் துளைக்கும்படி கீச்சிட்டது. ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மனிதச் செவிக்கு எட்டாது என்பது அவள் படித்த பாடமே. "காது பொய் சொல்லுதா, கண் பொய் சொல்லுதா டீச்சர்?" என்று கேட்டாள்.

கண்தான். அது எப்படி என்று பார்ப்போம்.

ஆசிலாஸ்கோப் என்னும் அலைவு காட்டி, மின்னழுத்தம் நேரத்தோடு ஏறி இறங்குவதைப் படமாக்கிக் காட்டும் கருவி. 1897இல் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்டு பிரவுன் அமைத்த கதிர்க்குழாயே அதற்கு மூதாதை. அந்தப் பழைய வகையில் எலெக்ட்ரான் கற்றை இடைவிடாமல் கோடு வரையும். அலை மிக வேகமாக இருந்தால் கோடுகள் நெருங்கி, வெறும் ஒளிப்பட்டையாகத் தெரியும். "எனக்கு விளங்கவில்லை" என்று கருவியே ஒப்புக்கொள்வது போல!

யு.எஸ்.பி. கருவி கோடு வரைவதில்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் மின்னழுத்தத்தை அளந்து, எண்களாக மாற்றுகிறது. இவ்வெண்களுக்கு மாதிரிகள் என்று பெயர். புள்ளி வைத்துக் கோலம் போடுவது போல, கணிப்பொறி அப்புள்ளிகளை இணைத்துவிடுகிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். விநாடிக்கு 24 படங்களே எடுக்கப்படுவதால், ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் நடுவே ஆரக்கால் ஏறக்குறைய அடுத்த ஆரக்காலின் இடத்துக்கே வந்துவிடுகிறது. சற்றுக் குறைந்தால் பின்னே நகர்வது போல் தோன்றும். எங்கள் திரையில் நடந்ததும் இதுவே. அலையியற்றி உண்மையில் 9,990 ஹெர்ட்ஸில் இருந்தது. கருவியோ விநாடிக்கு 10,000 மாதிரிகள் எடுத்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் அலை 0.999 சுற்று முடித்திருந்தது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அலையில் முந்தைய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னே விழுந்தது. ஆயிரம் புள்ளிகள் சேர்ந்து ஒரு போலி அலை. விநாடிக்கு அத்தகைய பத்து. 10,000இல் 9,990 போக மீதி 10 அல்லவா?

ஓர் அலையைப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். 1928இல் ஹாரி நைக்விஸ்ட் தந்திச் செய்திகளை ஆராய்ந்தபோது கண்ட கணக்கின் அடியொற்றி, 1949இல் கிளாடு ஷானன் இதை விளக்கினார். அலையின் உருவமும் சரியாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு நல்லது.

அப்படியானால் ஏராளமாக மாதிரி எடுத்தால் என்ன? வாய்க்கால் தாங்க வேண்டுமே! 2000இல் வந்த யு.எஸ்.பி. 2.0 கம்பியில் விநாடிக்கு 48 கோடி பிட்கள் செல்லலாம். ஒரு மாதிரிக்கு 8 பிட் என்றால் 6 கோடி மாதிரிகள். நடைமுறையில் அதுவும் கிட்டாது. இதனால் பல கருவிகள் முதலில் தம் சொந்த நினைவகத்தில் வேகமாகச் சேமித்து, பிறகு நிதானமாக அனுப்புகின்றன. எங்கள் கருவியின் நினைவகம் 10,000 மாதிரிகளே கொள்ளும். விநாடிக்கு 10 கோடி வீதம் எடுத்தால், விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலேயே அது நிரம்பிவிடும். முழு விநாடியையும் காட்டச் சொன்னால், அதே 10,000 மாதிரிகளை விநாடி நெடுகப் பங்கிட வேண்டியதுதான்.

மகளுக்கு இக்கருவி வாங்க எண்ணும் பெற்றோர் இங்கே கவனிக்கவும். பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது உச்ச வேகம். இரண்டு உள்ளீடுகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பல கருவிகளில் அது பாதியாகிவிடும். நினைவகத்தின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

போலி அலையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நேர அளவை மாற்றிப் பாருங்கள். மெய்யான அலையின் அதிர்வெண் மாறாது, போலியினுடையது மாறிவிடும். அந்த மாணவியும் திரையின் அகலத்தை ஒரு விநாடியிலிருந்து ஒரு மில்லி விநாடியாகக் குறைத்தாள். இப்போது மாதிரிகள் விநாடிக்கு ஒரு கோடி. திரையில் மீண்டும் அதே பத்து அலைகள்! ஒரு கணம் திகைத்தாள். பிறகு, கீழே எழுதியிருந்த நேரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நோட்டில் இருந்த 10ஐ அடித்தாள்.