பழைய காரும் பாத்தியதையும்

அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் தனியாரிடம் பழைய கார் வாங்குதல் இப்போது சாதாரணமாகிவிட்டது. பணம் கொடுத்தாயிற்று, சாவியும் கைக்கு வந்தாயிற்று. பின்னர் ஒரு நாள் வேறொருவர் வந்து, "வண்டி என்னுடையது" என்கிறார். தறியிலும் வயலிலும் பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாவதா? சட்டம் கூறுவதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தனக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க இயலாது என்பதே பொது விதி. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதனையே கூறுகிறது, விதிவிலக்குகள் சிலவே. ஆகவே, களவு போன கார் உண்மை உரிமையாளரையே சேரும். வாங்கியவர் விற்றவரிடம் முழு விலையையும் திரும்பக் கேட்கலாம். விற்கும் உரிமை தமக்குண்டு என்று விற்பவர் உறுதி கூறியதாகவே 14ஆம் பிரிவு கொள்கிறது. 1923இல் இங்கிலாந்து நீதிமன்றம், களவுக் காரைச் சில மாதங்கள் ஓட்டிய பின் இழந்தவருக்கும் முழு விலையையும் தரச் செய்தது.

இரண்டாவது, கடன். விற்றவர் மறைத்த கடனுக்காக வண்டி பறிபோயின், அவரிடம் நஷ்ட ஈடு கோரலாம். ஆனால் பதிவுச் சான்றிதழில் கடன் குறிப்பு இருப்பதைக் கண்டும் வாங்கியவர் அவ்வாறு கோருதல் கடினம்.

மூன்றாவது, பெயர் மாற்றம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். இதில் விற்பவருக்கும் ஆபத்துண்டு. வண்டி கைமாறிய பின்னும் பதிவில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

தகராறு எழுந்தால் செய்ய வேண்டியவை யாவை? ரசீதுகளையும், பணம் செலுத்திய வங்கிக் கணக்குக் குறிப்பையும் பத்திரப்படுத்துக. வழக்கறிஞர் வாயிலாக எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புக. பயனில்லையேல் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம்; பொதுவாக மூன்றாண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாயின் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடியைத் தண்டிக்கிறது. களவு வண்டி என்றறிந்த பின் அதை வேறொருவர் தலையில் கட்ட முயலற்க, அதுவும் குற்றமே. நுகர்வோர் ஆணையம் வியாபாரியிடம் வாங்கியவர்க்குப் பயன்படும். சொந்தக் காரை விற்ற தனியார் மீது அங்கே வழக்குச் செல்லுதல் அரிது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை நாடலாம்.

எனினும், வழக்கினும் முன்னெச்சரிக்கையே மலிவு. அசல் பதிவுச் சான்றிதழைக் காண்க. விற்பவர் பெயரும் அதிலுள்ள பெயரும் ஒன்றா எனப் பார்க்க. என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுக. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் விவரம் காண்க. கடன் இருந்திருப்பின், அது தீர்ந்தமைக்குக் கடன் கொடுத்தவர் ஒப்பமிட்ட 35ஆம் படிவத்தைக் கேட்டு வாங்குக. 29, 30ஆம் படிவங்களில் கையொப்பம் பெறாமல் முழுத் தொகையைக் கொடுத்துவிட வேண்டா.

பாவு நூலைச் சோதியாமல் தறியில் ஏற்றுவோர் நம்மில் எவருமில்லை. காருக்கும் அவ்வளவு கவனமேனும் வேண்டுமன்றோ?