புயல் வரும் இரவும் பனி விழும் இரவும்

ஐப்பசி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று முற்றிலும் விலகிவிட்டது என்ற அறிவிப்பு வெளியான சில தினங்களுக்குள், வானிலைச் செய்தியில் இருவகைத் தகவல்கள் அடுத்தடுத்து வரத் தொடங்குகின்றன. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிறது என்பது ஒன்று. உதகையிலும் கொடைக்கானலிலும் இராக்குளிர் மிகுந்துவருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே வருவதால், புயல்தான் குளிரைக் கொண்டுவருகிறது என்று நம்மில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், புயல் நெருங்குகிற இரவில் மலையிலே உறைபனி விழுவது அரிது. உறைபனி விழுந்த இரவில் பக்கத்துக் கடலில் புயல் நின்றதும் அரிது. இந்தப் பகைமையின் காரணத்தை அறிந்தவர்க்கு, அடுத்த மூன்று மாதங்களின் வானிலை அறிக்கை பாதி விளங்கிவிடும்.

சூரியன் தெற்கே சாயச் சாய, ஆசியப் பெருநிலம் சமுத்திரத்தைவிட விரைவாகக் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த நிலத்தின் மேலுள்ள காற்று கனத்து அழுத்தம் மிகுவதாலும், வெதுவெதுப்பு மாறாத தென்கடலின் மேல் அழுத்தம் குறைந்தே இருப்பதாலும், அதுவரை தென்மேற்கிலிருந்து வீசிய காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து புறப்படுகிறது. புறப்படும்போது வறண்டிருக்கும் அக்காற்று, வங்கக் கடலின் மேல் நெடுந்தூரம் பிரயாணம் செய்து, வழியெல்லாம் ஈரத்தைப் பருகிக்கொண்டு சோழமண்டலக் கரையில் வந்து பொழிகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் வாடிக்கிடந்த தமிழ்நாட்டுக்கு, ஓர் ஆண்டில் பெறும் சுமார் 92 சென்டிமீட்டர் மழையில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள இந்த மூன்று மாதங்களிலேயே கிடைக்கிறது. பருவமழை தொடங்குவதற்குரிய நாள் சராசரியாக அக்டோபர் 20. கரையோரத்தில் இம்மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுப்பதைச் சென்னைவாசிகள் அனுபவத்தில் அறிவார்கள்.

புயல் பிறப்பதற்கும் இதுவே காலம். கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 பாகை செல்சியஸுக்குக் குறையாத உஷ்ணத்தோடு இருக்க வேண்டும். பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடும் அளவுக்கு அந்த இடம் பூமத்திய ரேகையிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும். கீழ்மட்டக் காற்றும் மேல்மட்டக் காற்றும் திசையிலும் வேகத்திலும் மிகவும் முரண்படாதிருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கடல் சூடாயிருந்தும் பெரும்புயல்கள் எழாமைக்கு இந்த மூன்றாவது நிபந்தனை பொருந்தாமையே முக்கிய காரணம். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம் என்றும், 51-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றும், 62-ஐத் தாண்டினால் புயல் என்றும் வானிலைத் துறை வகுக்கிறது. பெயர் சூட்டப்படுவது அந்தக் கடைசிப் படியை எட்டியபோதுதான்.

இனிக் குளிருக்கு வருவோம். புயல் கரையை நெருங்கும் நாளில், சூரியனையே காணாமல், நனைந்த காற்றில் நாம் நடுங்குவது பகலின் குளிர்; அன்று பகலின் உச்ச உஷ்ணம் விழுந்துவிடுகிறதேயன்றி, இரவின் உஷ்ணம் அவ்வளவாக இறங்குவதில்லை. வானத்தை மூடிய மேகத்திரள் பூமியின்மேல் போர்த்திய கம்பளியாகி, தரை வெளிவிடும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதே காரணம். ஆகாயம் நிர்மலமாகி, காற்று அசைவற்று, ஈரமும் குன்றியிருக்கும் இரவிலோ அந்தத் தடை இல்லை. பகலெல்லாம் பூமி வாங்கிய உஷ்ணம் மேலே போய்விடுகிறது. தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து, கனத்து, சரிவுகளின் வழியே இறங்கித் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் நிற்கும் உதகையில், மேட்டுத்தெரு வீடுகளை விட்டுவிட்டுக் குதிரைப்பந்தய மைதானமும், ஊருக்கு வெளியே தலைக்குந்தாப் புல்வெளியும் முதலில் வெளுப்பது இதனால்தான். இன்னொரு விசேஷம்: உஷ்ணமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், மரப்பெட்டிக்குள் இருப்பது. அது 3 பாகை என்று காட்டும் விடியலிலும் கீழே புல்லின் நுனி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். பத்திரிகையில் 3 பாகை என்று படித்துவிட்டு நிம்மதியாயிருந்த தோட்டக்காரர், காலையில் கருகிய தேயிலைக் கொழுந்தைக் கண்டு வானிலைத் துறையை நொந்துகொள்வது நியாயமாகாது. அரசினர் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார்ச் செடிகளால் மூடிவைப்பதும், வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளிப்பதும் இந்தத் தரைக்குளிரைக் கருதியே.

புயலுக்கும் உறைபனிக்கும் நடுவே ஓர் உறவும் உண்டு. தமிழகக் கரைக்கு வராமல் ஆந்திரத்தை நோக்கி வடக்கே ஏறிவிடும் புயல், ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு, நமக்கு நிலப்பகுதியின் வறண்ட காற்றை விட்டுச்செல்கிறது. மேகம் கலைந்து நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் அத்தகைய இரவுகளில்தான் மலைநாட்டு விவசாயி விழித்திருக்க வேண்டும். டெல்டாவில் சம்பாப் பயிருக்கு மழை எதிர்பார்த்திருந்த குடியானவருக்கோ அதே இரவு ஏமாற்றம்.

பெயர் பெற்ற புயலை மட்டும் அஞ்சுகிற வழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்குக் காரணம் பெயரில்லாத வளிமண்டலச் சுழற்சியொன்று. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழையும் புயலின் மழையன்று. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வேகமெல்லாம் இழந்த பிறகே, கடலைக் காணாத ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரைப் பொழிந்தது. 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது மழையைக் காட்டிலும் கடல் எழுச்சி. 2018-இல் கஜா புயலின்போது டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது காற்றின் வேகம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆயுதத்தோடு வந்தது.

ஆகவே அறிக்கையைப் படிக்கும்போது புயலின் பெயரைத் தேடாமல், மழையின் அளவையும் எச்சரிக்கையின் நிறத்தையும் பாருங்கள். மிகக் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர். அதற்கும் மேற்பட்டது அதிகனமழை, அதற்குரியது சிவப்பு எச்சரிக்கை. ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொற்றொடர், அப்பிரதேசத்து மழைமானிகளில் கால்பங்குக்கு உட்பட்டவற்றில் என்று பொருள்படும். உங்கள் ஊர் அந்தக் கால்பங்கில் இல்லையென்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மீனவர்கள் இன்னும் ஒருபடி மேலே எச்சரிக்கையாயிருக்க வேண்டும்: 2017-இல் ஒக்கி புயல் குமரிக்கடலில் விரைந்து வலுத்தபோது, பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். பல நாள் தங்கும் படகில் செல்வோர், புறப்படும் நாளின் அறிக்கையோடு நின்றுவிடாமல், தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்ற செய்தி வந்த அன்றே பயணத்தைத் தள்ளிவைப்பது உத்தமம்.