பெயரும் கல்லறையும்

பிரிட்டன் தீவின் வடபகுதியாக விளங்குவது ஸ்காட்லாந்து. மலைகளும் ஏரிகளும் மல்கிய அந்நாட்டைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குடியானவர் பலர் விட்டு நீங்கினர். நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணை அமைக்கும்பொருட்டுத் தம் குடிகளை அகற்றியது அதற்கு ஒரு பெருங்காரணம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று முன்னோரைத் தேடிப் பழைய இடுகாடுகளுக்கு வருகின்றனர். அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு குலப்பெயர் மட்டுமே.

அப்பெயர் எதனை உணர்த்தும்? 'மாக்' என்னும் கெயிலிக் மொழிச் சொல்லுக்கு மகன் என்பது பொருள். மக்டானல்டு என்பது டொனால்டின் மகன். மக்கின்டயர் என்பது தச்சன் மகன். காம்பெல் என்பதோ கோணல் வாய்; காமரன் என்பது கோணல் மூக்கு. எவரோ முகம்நோக்கி இட்ட பட்டங்கள் பெருங்குலங்களின் பெயர்களாய் நிலைத்துவிட்டன!

ஆயினும், பெயரை மட்டும் நம்பிக் குலத்தைத் துணிதல் கூடாது. தலைவனை அண்டி வாழ்ந்த குடிகள் அவன் பெயரையே பூண்டதுண்டு. பெயரைத் துறக்க நேர்ந்தவரும் உண்டு. மக்கிரிகர் குலத்தார் அண்டைக் குலத்தாரோடு பொருது பலரைக் கொன்றனர். அதுகண்டு சினந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னனின் அரசு, 1603ஆம் ஆண்டில் அப்பெயரையே தடை செய்தது. மீறியவர்க்கு மரண தண்டனை. குலத்தார் சிதறி, மரே என்றும் கிரகாம் என்றும் டிரம்மண்ட் என்றும் பிறர் பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தனர். புகழ்பெற்ற ராப் ராய் என்னும் வீரனும் தாயின் குலப்பெயராகிய காம்பெல் என்பதைப் பூண்டிருந்தான். அத்தடை இடையே சிலகாலம் நீங்கி, மீண்டும் வந்து, 1774ஆம் ஆண்டிலேதான் அடியோடு ஒழிந்தது. அதற்குள் பல தலைமுறைகள் கழிந்தமையால், இரவற் பெயரே சொந்தப் பெயராகிவிட்ட குடும்பங்கள் பல. இன்று கிரகாம் எனப்படும் ஒருவர் மக்கிரிகர் வழியினராகவும் இருக்கலாம். பெயர் அதனைச் சொல்லாது.

பெயர் கைவிடும் இடத்தில் கல் சிலவேளை துணைநிற்கும். பழைய கல்லறைகள் சிலவற்றில் பெயரின் முதலெழுத்துகளும் தொழிற்குறியும் மட்டுமே காணப்படும். முடிசூடிய சுத்தியல் கொல்லனைக் குறிக்கும்; ஓடம் நெசவாளனையும், கொழு உழவனையும் குறிக்கும். அந்நாட்டில் மனைவியின் பிறந்தகத்துக் குலப்பெயரையும் கல்லில் பொறிப்பது வழக்கம். ஆதலின் ஒரு கல்லே இரு குடும்பங்களுக்கு வழிகாட்டும். தேய்ந்த எழுத்துகள் காலை வெயில் சாய்வாக விழும்போது நிழலால் துலங்கும். பாசியைக் கத்தியால் சுரண்டுவோர் எழுத்தையும் சேர்த்து அழித்துவிடுவர்.

கல் நாட்டப் பொருளற்ற ஏழைகளோ மிகப் பலர். அவர்க்குப் பதிவேடே சான்று. கோயில் வட்டங்களின் பழைய ஏடுகளில் இடைவெளிகள் மிகுதி. 1855ஆம் ஆண்டில் அரசே பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதியத் தொடங்கியது. இறப்புப் பதிவில் தந்தை பெயரும், தாயின் பிறந்தகத்துப் பெயரும் இடம்பெற்றன. 1860 வரை அடக்கம் செய்த இடமும் குறிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் கல்லின்றிப் புதையுண்ட கூலியாளும் எந்த இடுகாட்டில் துயில்கிறான் என்பதை இன்றும் அறியலாம்.